வயலை விற்குமுன் எண்ணிப் பார்!

தென்காசியிலே கூட்டம், குற்றாலத்திலே தங்கல். ஆனி மாதத்துச் சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து திண்ணைக்கு வந்து பார்த்தேன். முதல்நாள் மாலையில் முழு உருவத்தோடு நிமிர்ந்து நின்ற மலையைக் காணோம்! மலை எங்கே போகும்? போகவில்லை. மேகம் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். பேரருவியின் இரைச்சல் காதிலே விழுகிறது. அருவி விழும் பாறை கண்ணிலே படவில்லை. இல்லாததுபோல இருக்கிறது, மோதினால் மண்டை உடையும்!

இன்றைக்கு அந்த மேகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன், தோழர்களே! வானத்திலே தவழும் மேகத்தைப் பற்றியும், வழவழப்புத் தாளிலே அச்சடித்து வீடு தேடி வரும் மேகத்தைப் பற்றியும்!

திண்ணையிலே நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தோழர் வந்தார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலே மூட்டை தூக்குபவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். வீட்டிலே அவருடைய துணைவியார் பீடி சுற்றுகிறார். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையிலே கொடுத்தார். பளபளக்கும் தாள், நீலவானம், வெள்ளை விமானம், அதன் அருகே தோளிலே பொன்னிறப் பட்டை அணிந்த இளைஞன் ஒருவன் சிரிக்கிறான்.

“தம்பி, மூத்தவன் பன்னெண்டு முடிச்சிருக்கான். ஏரோப்பிளேன் ஓட்டப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். இந்தப் பள்ளிக்கூடத்துல நாப்பத்தஞ்சு லச்சம் கேக்காக. பேங்குல கேட்டேன், ஏழரை லச்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வைக்கணும்னு சொல்லுதாக. சித்தாத்துப் பாசனத்துல ஒண்ணரை ஏக்கர் இருக்கு. வித்துரலாமான்னு யோசிக்கேன். நீங்க என்ன சொல்லுதீக?”

அருகிலே நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். “மூட்டை தூக்குறவன் மகனுக்கு விமானமா!” என்றார்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது புதிய சிரிப்பல்ல. பள்ளிக்கூடத்து வாசலை நம் பாட்டன் மிதித்தபோது கேட்ட சிரிப்பு அது. நீதிமன்றத்திலே நம் அண்ணன் கறுப்பு அங்கி மாட்டியபோது கேட்ட சிரிப்பு. மருத்துவக் கல்லூரிக்கு நம் தங்கை மனுப் போட்டபோது கேட்ட சிரிப்பு! அதற்கு நாம் விடை சொல்லிப் பழகியவர்கள். வானம் எவர் பாட்டனும் பட்டாப் போட்டு வைத்துவிட்டுப் போன நிலமா? ஓட்டுநர் இல்லாமலே இயங்கும் வானவூர்தியைக் கற்பனை செய்தான் புறநானூற்றுப் புலவன். ஓட்டுநராக அமர்ந்து இயக்க அவன் வழிவந்தவனுக்கு மட்டும் தகுதியில்லையோ?

சிரித்தவருக்கு இதுவே விடை. ஆனால் தோழர்களே, சிரிப்பை எதிர்த்துவிட்டால் மட்டும் சிறுவன் விமானியாகிவிட மாட்டான். ஏளனம் செய்பவன் ஒரு பக்கம் நிற்கிறான். ஏமாற்றத் தெரிந்தவன் இன்னொரு பக்கம் நிற்கிறான். முன்னவன், “உனக்கு முடியாது” என்கிறான். பின்னவன், “உனக்கு எல்லாம் முடியும், பணத்தை முதலில் கட்டு” என்கிறான்! முன்னவனிடம் மானத்தைக் காக்க வேண்டும். பின்னவனிடம் மண்ணைக் காக்க வேண்டும்.

ஆகவே தோழரிடம் சொன்னேன்: “அண்ணே! மகன் படிக்கட்டும். ஆனால் வயலை விற்குமுன் நான் சொல்வதைக் கேளுங்கள்.”

எது முதல்? எது பிறகு?

விமானியாவதற்குச் சட்டம் என்ன கேட்கிறது? பன்னிரண்டாம் வகுப்பிலே இயற்பியலும் கணிதமும். இவ்விரண்டும் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிறகு எழுதித் தேறியதுண்டு. வணிக விமானி உரிமம் பெறும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதிலே 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பாளியாக இருந்து பறந்திருக்க வேண்டும். 300 கடல்மைல் தூரம் ஊர்விட்டு ஊர் பறக்கும் நெடும்பயணம் ஒன்றையும் முடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் வகுத்து, மேற்பார்த்து, உரிமம் தருவது டி.ஜி.சி.ஏ. என்னும் மத்திய அரசின் இயக்ககம்.

எழுத்துத் தேர்வுகள் உண்டு. வான்வழி அறிதல், வானிலை, பறத்தல் விதிகள், விமானத் தொழில்நுட்பம் எனத் தாள்கள். நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலியிலே பேசுவதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்ளும் திறனுக்கு உலக அளவிலே ஒரு படி வைத்திருக்கிறார்கள். அதிலே நான்காம் படியாவது எட்ட வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதற்கான உழைப்பை இன்றே தொடங்க வேண்டும்.

உடற்சோதனை உண்டு. முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு முதல் வகுப்புச் சோதனை. கண், காது, இதயம், நிறங்களைப் பிரித்தறியும் திறன் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

இப்போது சொல்லுங்கள்! இவற்றில் எது முதலில் நடக்க வேண்டும்? பணம் கட்டுவதா? உடற்சோதனையா? பகட்டுத் தாள் என்ன சொல்கிறது? “இன்றே இடத்தை உறுதி செய்வீர்!” என்கிறது. வயலை விற்று இடத்தை உறுதி செய்துவிட்டு, பிறகு போய்ப் பையனுக்கு நிறம் பிரித்தறியத் தெரியவில்லை என்று கண்டால், விற்ற வயல் திரும்பி வருமா?

ஆகவே முறை இது: முதலில் உடற்சோதனை. அதிலே தேறினால் எழுத்துத் தேர்வு. வீட்டிலிருந்தே படித்துத் தாள்களில் தேறலாம். அதற்குச் செலவு ஆயிரங்களில்தான், லட்சங்களில் அல்ல. தாள்களில் தேறியவன் பள்ளிக்குள்ளே போனால் வகுப்பறையிலே காத்திராமல் ஓடுபாதைக்குப் போகலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வயலைப் பற்றிய பேச்சு!

மேகத்துக்குள் 178 வினாடி

“இந்தத் தாளிலே இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் என்று போட்டு அதற்குத் தனிப் பணம் கேட்கிறார்களே, அது என்ன?” என்று கேட்டார் தோழர்.

மேகம் மூடிய மலையைக் காட்டினேன். “அண்ணே, இந்த மேகத்துக்குள்ளே விமானம் புகுந்தால் ஓட்டுபவன் எதைப் பார்த்து ஓட்டுவான்?”

அவர் திகைத்தார். திகைக்க வேண்டிய கேள்விதான். மேகத்துக்குள்ளே வானமும் தெரியாது, மண்ணும் தெரியாது. காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு மனிதனை ஏமாற்றும். விமானம் ஒருபக்கம் சாய்ந்து வட்டமடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கோ நேராகப் போவதுபோலவே தோன்றும்! 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலே ஓர் ஆய்வு நடத்தினார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேரை, வெளிப்பார்வை தெரியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். இருபது பேரும் விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை!

உடலின் உணர்வை ஒதுக்கிவைத்து, கண்முன் இருக்கும் கருவிகளின் சொல்லை மட்டும் நம்பிப் பறப்பதே கருவிவழிப் பறத்தல். 1929 பிப்ரவரியில் இந்திய மண்ணிலே விமானி உரிமம் பெற்ற முதல் மனிதரானார் ஜே.ஆர்.டி. டாட்டா. அதே 1929-இன் செப்டம்பரில், அமெரிக்காவிலே ஜிம்மி டூலிட்டில் வெளியே எதையும் பாராமல் கருவிகளை மட்டும் கொண்டு மேலேறிப் பறந்து தரையிறங்கிக் காட்டினார். இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களை இயக்க அந்தத் திறன் இன்றியமையாதது. 40 மணி நேரம் கருவிவழிப் பயிற்சி வேண்டும். அதிலே ஒரு பகுதியை சிமுலேட்டர் என்னும் தரைக்கூண்டிலே செய்யலாம்; முழுவதையும் அல்ல.

ஆகவே பள்ளியிலே கேட்க வேண்டியது: சிமுலேட்டர் இருக்கிறதா? அதற்கு டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் இன்றும் நடப்பில் இருக்கிறதா? கருவிவழித் தகுதி பெறுவதற்கு உரிய இரட்டை எஞ்சின் விமானம் பள்ளிக்குச் சொந்தமா, இரவலா? அது பறக்கிறதா, பழுதுபார்க்கும் கொட்டகையிலே படுத்திருக்கிறதா? ஒற்றை எஞ்சினிலே எல்லா மணிகளையும் முடித்துவிட்டு, இரட்டை எஞ்சின் விமானத்துக்காக மாதக்கணக்கிலே காத்துக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. விடுதி வாடகை காத்திருக்காது! வங்கி வட்டி காத்திருக்காது!

பகட்டுத் தாளைப் படிப்பதும் கருவிவழிப் பறத்தல் போலத்தான். உணர்ச்சி ஒன்றைச் சொல்லும். எண் வேறொன்றைச் சொல்லும். எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மூட்டை எண்ணத் தெரிந்தவன்

“எனக்குப் படிப்பில்லையே தம்பி, நான் எங்கே போய் என்ன கேட்பேன்?” என்றார் தோழர், வாடிய முகத்தோடு.

“அண்ணே! லாரியிலே எத்தனை மூட்டை ஏறியது என்று எண்ணத் தெரியுமா?”

“முப்பது வருசமா அதானே செய்யுதேன்!”

“அது போதும். போய் எண்ணுங்கள்!”

எதை எண்ணுவது? கணக்கைச் சொன்னேன். 45 லட்சம் ரூபாய், 200 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 22,500 ரூபாய். நிமிடத்துக்கு 375 ரூபாய்! விமானம் தரையிலே உருண்டுபோய் ஓடுபாதை ஓரத்திலே காத்திருக்கும் நேரமும் பறந்த நேரக் கணக்கிலேதான் சேரும். பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்திலே பள்ளி இருந்தால், அவை இறங்கும்வரை பயிற்சி விமானம் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கும். நிற்பதற்கும் நிமிடத்துக்கு 375 ரூபாய்!

இன்னொரு கணக்கு. ஒரு பள்ளியிலே 60 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 மணி என்றால் 12,000 மணி நேரம். ஒரு விமானம் நாளைக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் பறந்தால், ஆண்டுக்கு 1,200 மணி நேரம். பத்து விமானம் பறந்தால் ஓராண்டிலே 60 பேருக்கும் முடியும். ஐந்து பறந்தால் ஈராண்டு. ஆக, “ஓராண்டிலே உரிமம்” என்று தாளிலே அச்சடித்திருப்பது உண்மையா, பொய்யா என்று கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். பள்ளியின் வேலிக்கு வெளியே ஒருநாள் நின்று, மேலேறும் விமானங்களை எண்ணினால் போதும்!

அத்தோடு பயிற்றுநர்களை எண்ண வேண்டும். விமானம் இருந்தும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நிற்பதுண்டு. அலுவலகத்து நாற்காலியிலே உட்கார்ந்து பேசுபவரிடம் கேட்பதைவிட, வாசலில் தேநீர்க் கடையிலே நிற்கும் மாணவரிடம் கேட்க வேண்டும்: “தம்பி, நீ எப்போது சேர்ந்தாய்? இதுவரை எத்தனை மணி பறந்தாய்? கடைசியாகப் பறந்தது என்றைக்கு?” இந்த மூன்று கேள்விகளிலே பள்ளியின் முழு வரலாறும் அடங்கும்.

மழையையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். தொடக்கப் பயிற்சிக்குத் தெளிந்த வானம் வேண்டும். குற்றாலத்துச் சாரல் குளிப்பவனுக்கு இன்பம். பயிற்சி விமானத்துக்கோ சிறை! எந்த ஊர்ப் பள்ளியானாலும், மழைக்காலத்திலே மாதத்துக்கு எத்தனை நாள் பறக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கட்டணத்தை ஒரே தவணையிலே கட்டவே கூடாது. பறந்த மணிக்கு ஏற்பப் பணம்; அதுதான் நேர்மை. எரிபொருள் விலை உயர்ந்தால் யார் தலையிலே விழும்? பள்ளியை மூடிவிட்டால் மிச்சப் பணம் எப்படித் திரும்பும்? எல்லாவற்றையும் எழுத்திலே கேட்க வேண்டும். உரிமம் வாங்கிய பிறகும் செலவு உண்டு என்பதை மறைக்கிறார்கள். பெரிய பயணிகள் விமானத்தை ஓட்ட, அந்த வகை விமானத்துக்கென்றே தனித் தகுதி பெற வேண்டும். அதற்கு இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். வேலைக்கு எவரும் உறுதி தர முடியாது. 2023-இல் இந்நாட்டிலே வணிக விமானி உரிமம் பெற்றவர்கள் 1,622 பேர். அத்தனை பேரும் அதே கதவைத்தான் தட்டினார்கள்!

பறக்காத மணியும் பறிபோகும் உயிரும்

“சீக்கிரம் முடித்துத் தருகிறோம்” என்று எவனாவது கண் சிமிட்டினால், அங்கிருந்து ஓடிவிட வேண்டும். 2011-இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டிலே எழுதிய முறைகேடும் அப்போது அம்பலமானது. இஃதென்ன சிறு குற்றமா? பதிவேட்டிலே எழுதிய பொய் மணி, ஒருநாள் மேகத்துக்குள்ளே வந்து கணக்குக் கேட்கும். அப்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நூற்றெண்பது பேர்!

பாதுகாப்பை விசாரிக்க வெட்கப்பட வேண்டாம். 2023 அக்டோபரிலே மராட்டியத்தின் பாராமதிப் பகுதியில், ஒரே பள்ளியின் இரண்டு பயிற்சி விமானங்கள் சில நாள் இடைவெளியிலே விழுந்தன. பிறகு அப்பள்ளியின் பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டது. 2025 அக்டோபரிலே டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம்பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. பாதுகாப்பு, பயிற்சி நடக்கும் விதம், மாணவர்க்குச் செய்யும் உதவி எனப் பலவற்றையும் எடைபோட்டார்கள். அந்த முதற் பட்டியலிலே, மேல்நிலையான இரண்டு தரங்களிலே ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை! வயலை விற்கச் சொல்பவர்களின் தாளிலே இது இருக்குமா? இராது. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பட்டியல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அண்மையில் வந்ததைக் கையிலே வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

கோவில்பட்டி எவ்வளவு தூரம்?

இவ்வளவும் தனிமனிதன் செய்துகொள்ள வேண்டிய காப்பு. ஆனால் தோழர்களே, ஒவ்வொரு தகப்பனும் தனியே நின்று வேலிக்கு வெளியே விமானம் எண்ண வேண்டும் என்பதுதான் நியாயமா?

மீனம்பாக்கத்திலே சென்னைப் பறப்புக் கழகம் 1930-இலேயே தொடங்கிவிட்டது. அவ்வளவு முன்னே தொடங்கிய தமிழ்நாட்டின் பிள்ளைகள், பிறகு பயிற்சி தேடி உத்தரப் பிரதேசத்துக்கும் மராட்டியத்துக்கும் கடல் கடந்தும் போக நேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் பர்சத்கஞ்சிலே மத்திய அரசின் விமானிப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. இடஒதுக்கீடும் உண்டு, நல்லது. ஆனால் கட்டணம் நாற்பது லட்சத்தைத் தாண்டியது! கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியை மலையுயரத்துக்குக் கட்டினால் யார் ஏறுவார்?

ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்திலே அந்த மாநில அரசின் பயிற்சிக் கழகம் உண்டு. பட்டியல் இன, பழங்குடி மாணவர்க்கு அரசே பணம் தந்து அங்கே விமானிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது, இந்தப் பக்கம் முடியாதா?

முடியும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. 2022-இல் பயிற்சிப் பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலையங்களிலே சேலமும் ஒன்று. 2025-இல் கோவில்பட்டி ஓடுபாதையிலே பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. கோவில்பட்டி கரிசல் பூமி. குற்றாலத்துச் சாரல் அங்கே எட்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்திலே செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் காற்று அந்த வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் வேகமுடையது; அதைக் கணக்கிலே கொண்டு பயிற்சி நேரத்தை வகுக்க வேண்டும். மற்றபடி தெளிந்த வானம்! தென்காசிப் பிள்ளை காலையில் பேருந்து ஏறினால் போய்ச்சேரும் தூரம்!

ஆனால் ஓடுபாதை மட்டும் போதாது. உள்ளூரிலே பள்ளி வந்து, கட்டணம் அதே 45 லட்சமாக இருந்தால், பாவூர்சத்திரத்துத் தோழருக்கு மிச்சமாவது ரயில் கட்டணம் ஒன்றுதான்! தேர்ந்தெடுத்த ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு பணம் கட்ட வேண்டும். ஈடில்லாக் கடனுக்கு அரசு பிணை நிற்க வேண்டும். பறந்த மணிக்கே கட்டணம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை மாணவர், எத்தனை மாதத்திலே முடித்தார்கள் என்பதை மாதந்தோறும் வாசலிலே பலகையில் எழுதி வைக்க வேண்டும். ரேஷன் கடையிலே இருப்பு எழுதுகிறோமே, அதுபோல! இதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஒரு மாதம் கழித்துத் தோழர் மீண்டும் வந்தார். பையன் இரண்டாம் வகுப்பு உடற்சோதனையிலே தேறிவிட்டான். வானிலைத் தாளுக்குப் படிக்கிறான். தகப்பனும் மகனும் ரயிலேறி, அந்தப் பகட்டுத் தாள் அனுப்பிய பள்ளிக்கே போயிருக்கிறார்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலைவரை வேலியருகே நின்றிருக்கிறார்கள்.

“தம்பி, பதினோரு பிளேன் நிக்கி. மேல ஏறுனது மூணுதான்! டீக்கடைப் பையன்கள்ட்ட கேட்டேன்; அறுபது பேரு படிக்கானாம். நீங்க சொன்ன கணக்கைப் போட்டேன். மூணு வருசத்துக்கும் மேல ஆகும்லா?”

மூன்று ஆண்டு நான்கு மாதம்! நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

“வயல்?” என்றேன்.

“நாத்துப் பாவியாச்சு!” என்றார், சிரித்துக்கொண்டு. அடுத்துப் பார்க்கப் போகும் இரண்டு பள்ளிகளின் பெயரைத் தாளிலே எழுதி வைத்திருந்தார். எழுத்து அவருடையதல்ல, பத்தாவது படிக்கும் அவருடைய மகளுடையது. “அண்ணனுக்கு எழுதிட்டு, கீழ அவ பேரையும் எழுதி வச்சிருக்கா, பாருங்க!” என்றார். உலகத்து விமானிகளிலே பெண்கள் நூற்றுக்கு ஐவர் அளவில்தான். இந்தியாவிலோ நூற்றுக்குப் பதினைவர் அளவிலே இருக்கிறார்கள். அந்தப் பெண் தன் பெயரை எழுதிவைத்தது தவறான இடத்திலே அல்ல!

சாரல் நின்றிருந்தது. மேகம் விலகி, மலை முழுதும் தெரிந்தது. முடியாது என்று சிரித்தவரும் அங்கேதான் நின்றார். இம்முறை சிரிக்கவில்லை. தம் பேரனுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று தோழரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்!